சலாம் வலிப்பு

எங்க வல்லத்திராக்கோட்டைப் பக்கம் பச்சப்பிள்ளை தூக்கத்துல சிரிச்சு, சிணுங்கி, திடுக்குனு உதறினா ‘நரி வெரட்டுது’ம்பாங்க. அது பெரும்பாலும் சாதாரணம்தான். இழுப்பு வந்தா ‘மாந்தம்’னு சொல்லி வசம்பு உரசுறதும், சூடு வைக்கிறதும் அந்தக்காலத்து வழக்கம்.

சீமையிலயும் நிலைமை பெரிசா வேற இல்ல. 1841-ல வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட்ங்கிற இங்கிலாந்து டாக்டர் ‘லான்செட்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு வயசு நிரம்பாத அவரோட சொந்த மகன், தலை முழங்காலைத் தொடுற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு நிமிர்றான். ஆரம்பிச்சா பத்து, இருபது தடவை. அட்டை விட்டாச்சு, பேதிக்குக் கொடுத்தாச்சு, அபினியும் கொடுத்தாச்சு, கேக்கல. மத்த டாக்டர்களுக்கு ஏதாவது தெரியுமான்னு கேட்டுத்தான் அந்தக் கடிதம். சலாம் போடுற மாதிரி இருந்ததால ‘சலாம் வலிப்பு’ன்னாங்க. இப்ப அவர் பேராலேயே வெஸ்ட் சிண்ட்ரோம்.

ஏசிடிஎச்ங்கிற ஹார்மோன் ஊசி இதுக்குக் கேக்கும்னு 1958-லதான் எழுதினாங்க. வைத்தியம் தாமதமாகுற ஒவ்வொரு வாரமும் பிள்ளையோட மூளை வளர்ச்சிக்கு நட்டம்.

அதனால, பிள்ளை தூங்கி முழிச்சதும் விட்டு விட்டுத் தொடர்ச்சியா குனிஞ்சு வெட்டினா, சிரிப்பும் முகம் பாக்குறதும் குறைஞ்சா, செல்போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு அன்னைக்கே குழந்தை டாக்டர்கிட்ட போங்க. வெஸ்ட் கேட்டப்ப மருந்து இல்ல. இப்ப இருக்கு.