ராஜா குத்தகைக்கு எடுத்த தீவு

1799 ஜூன் 30. மைசூரில், ஐந்து வயதுகூட நிறையாத மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சிம்மாசனத்தில் உட்கார வைத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். திப்பு சுல்தானிடமிருந்து ராஜ்யம் உடையார்களிடம் திரும்பிவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம்?

திரும்பவில்லை. 1610 முதல் உடையார்களின் தலைநகரமாக இருந்த அந்தக் காவிரித் தீவைக் கம்பெனி தனக்கென எடுத்துக்கொண்டது. மைசூரிலிருந்து பத்து மைல்தான். ஆற்றைத் தாண்டினால் வேறு ஆட்சி! உடையார்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட ரங்கநாதர் இப்போது அந்நிய எல்லைக்குள். தீவின் முதல் அதிகாரியான ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர், திப்புவின் தரியா தௌலத் மாளிகையிலேயே குடியேறினார்.

ரஷ்யாவில் சரோவ் என்றொரு நகரம் உண்டு. அணுகுண்டு செய்த ஊர் என்பதால் சோவியத் காலத்தில் அதை வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். இன்றும் அனுமதிச்சீட்டு இல்லாமல் வெளியூர்க்காரர் உள்ளே போக முடியாது. ஸ்ரீரங்கப்பட்டணத்தை அப்படி யாரும் மறைக்கவில்லை. ஆனாலும் ராணுவத்துக்கு வேண்டிய ஊரை அக்கம்பக்கத்து நிர்வாகத்திலிருந்து பிரித்துத் தனியே வைத்துக்கொள்ளும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோட்டை வீழ்ந்தது, காய்ச்சல் வீழவில்லை. நெடுஞ்சாலையை ஒட்டி ஆற்றங்கரையில் இருக்கும் படையினர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். டி மெரோன் என்ற சுவிஸ் கூலிப்படையின் அதிகாரிகள் அங்கே கிடக்கிறார்கள். பக்கத்திலேயே பெண்கள், குழந்தைகள். மலேரியாவுக்குப் பயந்து 1809-இல் படை பெங்களூருக்கு மாறியது.

படை போனதே, தீவையாவது கொடுத்தார்களா? இல்லை. ஆண்டுக்கு 50,000 ரூபாய் குத்தகைக்கு மைசூருக்கே விட்டார்கள். தன் முன்னோர் ஆண்ட மண்ணுக்கு ராஜா பணம் கட்டினார். இதை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன். தீவில் குடியிருந்தவர்களையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1881 மார்ச் 25. ஐம்பது ஆண்டு நேரடி ஆட்சிக்குப் பிறகு, பத்தாம் சாமராஜ உடையாரிடம் ஆங்கிலேயர் ராஜ்யத்தை ஒப்படைத்தார்கள். தீவும் கூடவே வந்தது, குத்தகை இல்லாமல். ஆனால் சும்மா வரவில்லை. பதிலுக்கு மைசூர் இன்னொரு நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. சுமார் 13 சதுர மைல். அல்சூர் உட்பட, ஏராளமான தமிழர்கள் குடியேறி வாழ்ந்த பகுதி. 1947 ஜூலை 26 வரை அங்கே மகாராஜாவின் சட்டம் செல்லவில்லை.

பெங்களூர் கண்டோன்மென்ட்! அதற்குள் அடுத்த வாரம் நுழைவோம்.

(தொடரும்)