அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைக் கல்லூரி

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம், இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் நிறுவிய இசைக் கல்லூரியிலிருந்து வளர்ந்ததாகும். பல்கலைக்கழகமும் அதே ஆண்டில் தோன்றியமையால், இசை இவ்வளாகத்தில் விழா நாள்களுக்கு மட்டும் உரிய கலையாக ஒதுங்கிவிடாமல், இலக்கியத்தோடும் அறிவியலோடும் ஒப்ப வைத்துக் கற்பிக்கப்படும் பாடமாகத் தொடக்கத்திலேயே நிலைபெற்றது.

ஆசிரியர் வீட்டில் பல்லாண்டு தங்கிப் பயிலும் குருகுல முறையில் வழங்கிவந்த இசையை, வகுப்பு, பாடத்திட்டம், தேர்வு என்னும் ஒழுங்குக்குள் கொண்டுவந்து, 'சங்கீத பூஷணம்' என்னும் பட்டயம் வழங்கியது இக்கல்லூரியின் முன்னோடிப் பணியாகும். சபேசய்யர், டைகர் வரதாச்சாரியார், தஞ்சை நால்வர் மரபினரான பொன்னையா பிள்ளை ஆகியோர் இங்குக் கற்பித்தனர். பிற்காலத்தில் இசையறிஞராகப் புகழ்பெற்ற எஸ். இராமநாதன் இங்குப் பயின்றவர். புலமை மிக்க குருமார்களையே ஆசிரியர்களாக அமர்த்தியதனால், முறை மாறியபோதும் மரபின் ஆழம் குன்றவில்லை என்றே கொள்ள வேண்டும்.

வளாகத்தின் எல்லையைக் கடந்து தமிழகம் முழுவதையும் இக்கல்லூரி தொட்டது தமிழிசை இயக்கத்தின் வழியாகவே. கச்சேரி மேடைகளில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே பெரும்பான்மையாக ஒலித்த காலத்தில், தமிழ்ப் பாடல்களைத் திரட்டவும், இயற்றவும், கற்பிக்கவும் அண்ணாமலைச் செட்டியார் பொருள் வழங்கினார். 1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. சென்னையில் தமிழ் இசைச் சங்கம் 1943-இல் உருவாயிற்று. பாடலின் சுரங்களையும் தாள அளவையும் எழுத்தில் காட்டும் சுரதாளக் குறிப்புகளோடு தமிழ்ப் பாடல் தொகுதிகளைப் பல்கலைக்கழகம் வெளியிட்டமை இவ்வியக்கத்தின் நிலைத்த பயன். நேரில் கேட்டே கற்க வேண்டியிருந்த பாடல்கள் அதனால் தொலைவூர் மாணவருக்கும் எட்டின.

1942-இல் வெளிவந்த 'நந்தனார்' திரைப்படத்தில் நடித்துப் பாடிய எம். எம். தண்டபாணி தேசிகர் பின்னர் இங்கு இசைத்துறைத் தலைவராக விளங்கினார். தேவாரப் பண்களில், அதாவது பழந்தமிழ் இசையின் இராக வடிவங்களில், அவர் தேர்ந்தவர். அப்பரும் சம்பந்தரும் பாடிய திருத்தூங்கானைமாடம் என்னும் பெண்ணாடத்தையும் தில்லை என்னும் சிதம்பரத்தையும் தன்னகத்தே கொண்ட இவ்வட்டாரத்துக்குப் பண்ணிசைப் பயிற்சி மிகவும் பொருந்துவது. கோயிலில் ஓதுவார் பாடிக் கேட்டதை மாணவர் இங்கு இலக்கணத்தோடு கற்க முடிகிறது.

பொறியியலும் வேளாண்மையும் பயில்வோர் நடுவே வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றின் மாணவரும் வாழ்வது இவ்வளாகத்தின் தனிச்சிறப்பு. நாட்டியம் பயில்வோருக்கு, கை, கால், உடல் அசைவுகள் இணைந்த 108 கரணங்களின் சிற்பங்களை நடராசர் கோயில் கோபுரங்களில் அருகிலேயே காணும் பேறும் உண்டு. அக்கோயில் நகரில் 1981 முதல் மகா சிவராத்திரியையொட்டி நாட்டியாஞ்சலி விழா நடைபெற்று வருகிறது.