ஓரணாவிலிருந்து கோடிகள் வரை: இந்திய வைத்திய ஆராய்ச்சி மானியங்களின் வரலாறு

மானியம் என்றால் நம் கிராமத்து முதியோர்க்கு இன்றும் நிலமே நினைவுக்கு வரும். கோயிலுக்கும் ஊர் ஊழியத்துக்கும் வரி நீக்கி விடப்பட்ட அந்நிலம் தந்தைக்குப் பின் மைந்தன் என்று தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கப்பட்டது. வைத்திய ஆராய்ச்சிக்குச் சர்க்கார் வழங்கும் மானியமோ, பெயரளவில் அதே சொல்லைத் தாங்கி நிற்பினும், சுபாவத்தில் அதற்கு முற்றும் மாறானது. ஒரு கேள்விக்கு, ஒரு மனிதருக்கு, ஒரு காலவரையறைக்கு என்று அளிக்கப்பட்டு, தவணை தீர்ந்ததும் நின்றுபோவது. இன்று விண்ணப்பதாரர் முன் விரிந்து கிடக்கும் மானிய வகைகள் ஒவ்வொன்றின் பிறப்பையும் தேடிச் சென்றால், அங்கே ஒரு கொள்ளைநோயையோ ஒரு பணமுடையையோ காண்கிறோம்.

தொடக்கத்தில் மானியம் என்று ஒன்று இருந்ததாகவே சொல்வதற்கில்லை. 1897 ஆகஸ்டில் சிக்கந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டபோது ரொனால்ட் ராஸ் இராணுவ வைத்திய உத்தியோகஸ்தர்; ஆராய்ச்சி அவருடைய உத்தியோகத்தைச் சேர்ந்ததன்று. ஹுசேன்கான் என்ற நோயாளிக்கு, அவரைக் கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் கொடுத்துத் தம் பரிசோதனையை அவர் நடத்தினார். அதன்பின் சர்க்கார் அவருக்குச் செய்த பெரிய உபகாரம், 1898இல் கல்கத்தாவில் சில மாத காலத்துக்கு ‘விசேஷ அலுவல்’ என்று விட்டுவைத்ததேயாகும். பணமாக அன்றிக் காலமாக அளிக்கப்பட்ட இதையே நம் நாட்டு ஆராய்ச்சி மானியத்தின் முதல் உருவம் என்று கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

சர்க்காரின் பணப்பையை அவிழ்த்தது பிளேக். 1896இல் பம்பாயில் அந்நோய் புகுந்து வர்த்தகமே ஸ்தம்பிக்கும் நிலை வந்தபோது, ஹாஃப்கின் தயாரித்த தடுப்பு மருந்துக்கு இடமும் ஆட்களும் வேண்டியிருந்தன; 1899இல் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகையே பிளேக் ஆராய்ச்சிக் கூடமாயிற்று. அதே பரேல் கூடத்தில்தான், 1911 நவம்பர் 15ஆம் தேதி, ஹார்கோர்ட் பட்லரின் தலைமையில், இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் ஆட்சிக் குழு முதன்முதலாகக் கூடியது. உத்தியோக ஏற்பாட்டின் ஒரு கிளையாக இருந்த ஆராய்ச்சிக்குத் தனி நிதியும், அந்நிதியைப் பங்கிடத் தனிச் சபையும் அன்று அமைந்தன. 1913இல் சங்கத்தின் ஆராய்ச்சிப் பத்திரிகையும் வெளிவரலாயிற்று.

அச்சங்கம் வழங்கிய உதவிக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் ‘விசாரணை’ என்பதாகும். பெரிபெரி விசாரணை, காலா அசார் என்னும் கருங்காய்ச்சல் விசாரணை என்று நோயின் பெயரால் விசாரணை பிறக்கும். விடை கிட்டினாலும் கிட்டாவிட்டாலும் நிதியாண்டின் முடிவில் அதன் ஆயுள் மறுபடி நிர்ணயிக்கப்படும். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மக்காரிஸன் தொடங்கிய பெரிபெரி விசாரணை, பஞ்சாபியரும் வங்காளியரும் சென்னை வாசிகளும் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே எலிகளுக்கு ஊட்டி, அவற்றின் வளர்ச்சியை எடை போட்டுப் பார்க்கும் அளவுக்கு விரிந்தது. அரிசியை நம்பிய சென்னை உணவு அப்போட்டியில் கடைசி வரிசையில் நின்றது நமக்கு உவப்பான செய்தியன்று. இத்தகைய வேலையும் 1920களின் தொடக்கத்தில் சிக்கனத்தின் பேரால் இடையில் நின்றுபோயிற்று. பின்னர் உயிர்பெற்று, உணவுக் குறை நோய் விசாரணையாகி, அந்தத் தசாப்தம் முடியுமுன் போஷாக்கு ஆராய்ச்சிக் கூடமாகி, 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. அறை ஒன்று ஸ்தாபனமாக வளர நாற்பது ஆண்டுகள் ஆயின.

மற்றொரு விசாரணை, இந்திய வைத்திய சர்வீஸைச் சேராத ஒருவரின் கைக்குச் சென்றது என்பதால் குறிப்பிடத்தக்கது. ஆராய்ச்சிப் பதவிகள் யாவும் அந்த சர்வீஸின் உத்தியோகஸ்தர்களுக்கே உரியன என்ற வழக்கம் நிலவிய நாளில், கல்கத்தா காம்ப்பெல் வைத்தியப் பள்ளியில் ஆசிரியராயிருந்த உபேந்திரநாத் பிரம்மசாரி, குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வாயு அடுப்பும் இல்லாத சிற்றறையில், மண்ணெண்ணெய் விளக்கொளியில், சங்கத்தின் உதவியைக் கொண்டு காலா அசாருக்கு யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தைக் கண்டார். சிறுதொகை மானியத்தின் பெருமைக்கு இதைச் சான்று காட்டுவோர் உண்டு. அந்த அறைக்கு ஒரு மின்விளக்கேனும் கிடைத்திருக்கலாகாதா என்றே எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

போர் என்பவர் தலைமையில் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த கமிட்டி 1946இல் அளித்த அறிக்கைக்குப் பின், 1949இல் சங்கம் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலாக மாறியது. முதல் இயக்குநரான சி. ஜி. பண்டிட், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் நெடுங்காலம் உழைத்தவர். இருவகை மானியம் என்ற பாகுபாடு இக்காலத்தில்தான் தெளிவு பெற்றது: கவுன்ஸிலின் சொந்த நிலையங்களுக்குள் செலவாவது ஒன்று; கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் உள்ளவர்கள் விண்ணப்பித்துப் பெறும் புறமானியம் மற்றொன்று. பழைய விசாரணை இந்தப் புறமானியத்துள் ‘அட்ஹாக்’ திட்டம் என்ற பெயரில் புகுந்துகொண்டது. பல ஊர்களை ஒரே கேள்வியில் பிணைக்கும் பணிக்குழுத் திட்டமும், இளம் ஆராய்ச்சியாளருக்கான உதவிச் சம்பளமும் அதனருகே வளர்ந்தன.

கூட்டு மானியத்துக்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. 1956இல் சென்னையில் கவுன்ஸிலும், மாகாண சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலும் சேர்ந்து, ஐந்தாண்டுத் திட்டமாக ஒரு க்ஷயரோகச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பி, மறு பாதிக்கு நெரிசலும் வறுமையும் நிறைந்த அவர்தம் வீடுகளிலேயே அதே மாத்திரைகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்ததில், குணம் கண்டதில் பெரிய வேற்றுமை இல்லை என்பது 1959இல் பிரசுரமாயிற்று. மலைக்காற்றும் மாதக்கணக்கான படுக்கையும் இன்றியமையாதன என்ற கொள்கை அதனால் தளர்ந்தது. ஐந்தாண்டுக்கென வந்த அத்திட்டம் இன்றும் சேத்துப்பட்டில் தேசிய நிலையமாக நிற்கிறது.

பிற்காலத்துச் சேர்க்கைகளைச் சுருங்கச் சொன்னால் போதும். 1986இல் உயிர்த் தொழில்நுட்பத்துக்குத் தனி இலாகா பிறந்தபின், ஒரே ஆராய்ச்சியாளர் இரண்டு மூன்று வாசல்களில் விண்ணப்பத்தோடு நிற்க நேர்ந்தது. 2012இல் அந்த இலாகாவின் கீழ்த் தோன்றிய பைராக் என்ற நிறுவனம், ஆய்வுக்கூடத்துக் கண்டுபிடிப்பைச் சரக்காக்கத் துணிவோருக்கு ஐம்பது லட்ச ரூபாய் வரை கொடுக்கிறது. 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த விஞ்ஞான ஆராய்ச்சி வாரியத்தின் இடத்தில், 2023ஆம் ஆண்டின் சட்டம் அநுசந்தான் நிதியத்தை வைத்திருக்கிறது. அதற்கு ஐந்தாண்டில் சேரும் என்று சொல்லப்பட்ட 50,000 கோடியில் பெரும்பகுதி சர்க்காருக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பதால், சர்க்கார் மானியம் என்ற தொடரின் பொருளே இனி மாறக்கூடும்.

வாசல்கள் பல ஆயினும் உள்ளே கேட்கப்படுவது ஒன்றே. எந்த இலாகாவின் மானியமாயினும், உபகரணம், ரசாயனம், ஆட்சம்பளம், பிரயாணம் என்று தலைப்பு வாரியாகப் பிரித்துக் கேட்க வேண்டும். ஒரு தலைப்பில் மிஞ்சியதை மறு தலைப்பில் செலவிட முன் அனுமதி வேண்டும். மார்ச் 31க்குப் பின் ‘12-அ’ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கையொப்பமாகிப் போய்ச் சேர்ந்தாலொழிய அடுத்த தவணை வாராது. எலி மார்ச் மாதத்தோடு வளர்வதை நிறுத்துவதில்லை. ஏப்ரலிலும் மே மாதத்திலும் அதற்குத் தீனி போடும் உதவியாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதைப் படிவம் கேட்பதில்லை.