நீர்பிரி மேட்டைக் கடக்கும் மீன்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் உயிரிரை ஒழுங்குமுறை குறித்து

கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே அரபிக்கடலுக்குப் போகின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றும் கிழக்கே திரும்பிக் காவிரியில் சேர்கின்றன. பவானி பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி வழியாகவும், பாம்பாறு இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தளூர் வழியாகவும் ஓடுகின்றன. ஆக, தமிழ்நாட்டை ஒட்டிய இந்த இரண்டு மாவட்டங்களிலும் இரு கடல்களுக்குரிய நீர்கள் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. மூணாற்றில் பெய்யும் மழை முதிரப்புழை வழியே பெரியாற்றுக்குப் போகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி மறையூரில் பெய்வது பாம்பாறு வழியே அமராவதிக்கு வருகிறது. அட்டப்பாடியில் இடைவெளி இன்னும் குறைவு. முக்காலி பவானியின் கரையில் இருக்கிறது; அங்கிருந்து 23 கிலோமீட்டர் காட்டுச் சாலையில் போனால் சைரந்திரி. அங்கே ஓடும் குந்திப்புழை பாரதப்புழையைச் சேர்ந்தது. ஒரே காடு, ஒரே மாவட்டம், ஆனால் நீர்பிரி மேட்டின் இரு பக்கமும் ஆற்றுப்படுகை வேறு.

தூண்டிலுக்கு உயிரோடு கோக்கும் மீனைப் பிடிப்பது, விற்பது, கொண்டுசெல்வது பற்றிய விதிகளை இந்த நிலவியலில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். நம் மீன்வளச் சட்டங்கள் ஒரு மீனைப் பற்றி இரண்டு கேள்விகளைக் கேட்கின்றன: எப்படிப் பிடித்தாய், அது என்ன இனம்? எந்த நீரிலிருந்து எந்த நீருக்குப் போகிறது என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்பதில்லை. உயிரிரையைப் பொறுத்தவரை அந்த மூன்றாவது கேள்விதான் தலையானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1873இல் இரண்டு நூல்கள் வந்தன. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் மங்களூரில் வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ மஷீர் என்னும் பெருமீனைப் பிடிக்கும் தூண்டிற்காரர்களுக்கான கையேடு. சிறுமீனை இரையாக்கும் முறைகளை அது விரிவாகச் சொல்கிறது. மற்றது பிரான்சிஸ் டே எழுதிய இந்திய, பர்மிய நன்னீர் மீன்வள அறிக்கை. சின்னக் கண் வலையும் மீன்குஞ்சுகளை வாரியெடுப்பதும் ஆறுகளை வெறுமையாக்குகின்றன என்பது அதன் கவலை. இந்தக் கவலை தொடர்ந்து வளர்ந்து 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தில் வந்து நின்றது. வெடி, நஞ்சு ஆகியவற்றைத் தடை செய்த அச்சட்டம், வலைக்கண் அளவு, நிலையான தடுப்புப் பொறிகள் பற்றி விதி செய்யும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்தது. மதராஸ் மாகாணத்தில் இருந்த பாலக்காடு இச்சட்டத்தின் கீழும், திருவிதாங்கூரில் இருந்த இடுக்கி மலைகள் சமஸ்தானத்தின் ஏற்பாடுகளின் கீழும் இருந்தன. பின்னர் 1950இன் திருவிதாங்கூர்-கொச்சி மீன்வளச் சட்டம், அதன் பிறகு 2010இன் கேரள உள்நாட்டு மீன்வள, நீருயிர் வளர்ப்புச் சட்டம் வந்தன. வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன்பிடிப்பது குற்றம். முதல் மழையில் முட்டையிட மேலேறி வரும் மீன்களை அள்ளும் ‘ஊத்த’ பிடித்தமும் குற்றம். இவையெல்லாம் முதல் கேள்வியின் விடைகள்.

இரண்டாவது கேள்வி பிறகு வந்தது, தேவைப்பட்டே வந்தது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை அமராவதி அணை வரை பெருகியது. ஆப்பிரிக்கக் கெளுத்தியின் வளர்ப்பை மத்திய அரசு 1997இல் தடுக்க உத்தரவிட்ட பிறகும் அது பெரியாற்று ஏரியை எட்டியது. 2018 வெள்ளத்தில் பண்ணைகளும் தொட்டிகளும் உடைந்தபோது அராபைமா போன்ற அமேசான் மீன்களைக் கேரள ஆறுகளில் வலைகளே காட்டிக்கொடுத்தன. அயல்நாட்டு இனம் என்ற பட்டியல் இந்த அனுபவங்களில் பிறந்தது. அது நியாயமான பட்டியல். ஆனால் தூண்டிற்காரரின் வாளியில் அராபைமா இருக்காது. அதில் இருப்பவை அயிரை, பரல், கெண்டைக்குஞ்சு, குறவைக்குஞ்சு. எல்லாம் உள்ளூர் மீன்கள். எந்தத் தடைப்பட்டியலிலும் இவற்றின் பெயர் இல்லை. விரால் பிடிக்க உயிருள்ள சிறுமீனைக் கோப்பவர் தன்னை ஊர் மீனை ஊர் மீனுக்கே போடுபவராகத்தான் எண்ணுவார். மேட்டின் இந்தப் பக்கத்து ஊர் மீன் அந்தப் பக்கத்தில் அயல் மீன் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

உள்நாட்டு மீன் என்ன பெரிய கேடு செய்துவிடும் என்று கேட்பவர்களுக்குத் திமில் மஷீரின் கதையே பதில். காவிரிப் படுகைக்கு மட்டும் உரிய இந்தப் பெருமீன் நூறாண்டுகளுக்கு மேல் தூண்டிற்காரர்களின் கனவாக இருந்தும் சரியான அறிவியல் பெயரில்லாமல் கிடந்தது. பின்னர் குருப்பும் ராதாகிருஷ்ணனும் இடுக்கியின் பாம்பாற்றிலிருந்து ஒரு மஷீரை விவரித்து, சென்னையில் பணியாற்றிய விலங்கியலாளர் ரெமாதேவியின் பெயரால் ‘டோர் ரெமாதேவியே’ என்று பெயரிட்டனர். 2018இல் ஏட்ரியன் பிண்டரும் குழுவினரும் காவிரியின் திமில் மஷீரும் பாம்பாற்று மீனும் ஒன்றே என்று நிறுவினர். இன்று அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம். அதன் வீழ்ச்சிக்கான காரணங்களில் ஒன்று, வேறொரு இந்திய மஷீர். லோனாவாலாவின் குஞ்சுப் பொரிப்பகத்தில் பெருக்கப்பட்ட, கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஷீரைத் தூண்டில் ஆர்வலர்களும் அரசுத் துறைகளும் நல்லெண்ணத்தோடு காவிரியில் விட்டனர். 1998 முதல் 2012 வரை பிடித்து விடும் தூண்டிற்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகளை ஆராய்ந்தபோது நீலத்துடுப்பு மஷீர் ஏறுமுகத்திலும் திமில் மஷீர் இறங்குமுகத்திலும் இருந்தன. இந்திய மீன்தான், மஷீர்தான், பட்டியலின்படி குற்றமே இல்லை. படுகை மட்டும் மாறியது.

இது திட்டமிட்ட மீன்விடல், ஒரு வாளி இரைமீனோடு ஒப்பிடலாமா என்ற எதிர்வாதம் உண்டு. ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரியைப் பார்க்கலாம். அங்கே 1982இல் முதன்முதலாக ரஃப் என்னும் சிறுமீன் காணப்பட்டது. பைக் என்னும் மீனைப் பிடிப்பவர்கள் உயிரிரையாகக் கொண்டுவந்து மிஞ்சியதைக் கொட்டியதால் அது வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்த ஏரியின் அரிய பவன் மீனின் முட்டைகளை ரஃப் தின்னத் தொடங்கியது. பொழுது சாய்ந்து வீடு திரும்பும்போது வாளியில் மிஞ்சிய மீனை உயிரோடு நீரில் விடுவது கருணையான செயலாகத் தோன்றும். கேடு நுழைவது அந்தக் கணத்தில்தான். முள்ளில் கோத்த மீனை விராலோ பைக்கோ தின்றுவிடும். மிஞ்சியது பிழைத்துக்கொள்ளும்.

பாலக்காடு, இடுக்கி மேடுகளில் இழக்கப் போதுமானவை இருக்கின்றன. மேல் பெரியாற்றில் மட்டும் வாழும் லெபிடோபைகாப்சிஸ் டைப்பஸை 1941இல் சுந்தர ராஜ் விவரித்தார். குந்திப்புழை ஓடும் சைலன்ட் வேலியிலிருந்து 1984இல் ரெமாதேவியும் இந்திராவும் ஒரு கல்லொட்டி இனத்தை விவரித்தனர். பரம்பிக்குளம் உள்ளிட்ட சாலக்குடிப் படுகையில் சாலக்குடி செங்கோட்டுப் பரல் இருக்கிறது. பாறையில் ஒட்டியும் வேகநீரில் எதிர்த்தும் வாழும் இத்தகைய சிறுமீன்கள் ஒரே ஆற்றின் மேற்பகுதியோடு வாழ்வு முடித்துக்கொள்பவை. வரும் மீன் இவற்றைத் தின்னவே வேண்டியதில்லை. உணவில் பங்கு கேட்டாலே போதும்.

மீனைவிட அதிகமாகப் பேச வேண்டியது மீனோடு போகும் நீரைப் பற்றி. 1988இல் இந்தியாவுக்குள் வந்த தொற்றுப் புண்நோய் 1991இல் கேரளத்தை அடைந்து குட்டநாட்டை உலுக்கியது. அதற்குக் காரணமான அஃபனோமைசிஸ் என்னும் நீர்ப்பூஞ்சை வகை உயிரி, நீந்தும் வித்துக்களாக நீரிலேயே பரவுகிறது. விராலும் பரலும் அதற்கு எளிதில் பலியாகும். அதாவது தூண்டிலின் இலக்கும் தூண்டிலின் இரையும் ஒரே நோயின் இரைகள். மீனைப் பரிசோதித்தாலும் வாளி நீரை யாரும் பரிசோதிக்க முடியாது. 2005இல் அமெரிக்கப் பேரேரிகளில் மீன்களின் குருதிக்கசிவு வைரஸ் வெளிப்பட்டதும் நியூயார்க் மாநிலம் இதை உணர்ந்தது. சான்று பெறாத இரைமீனைப் பிடித்த நீரிலேயே பயன்படுத்த வேண்டும், வண்டியில் ஏற்றிச் செல்லக் கூடாது, சான்று பெற்றதை வாங்குபவர் ரசீது வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. இங்கிலாந்திலும் நன்னீர் மீனை அது பிடிபட்ட நீரில்தான் இரையாக்கலாம். ஸ்காட்லாந்து உயிருள்ள முதுகெலும்பி இரையையே தடை செய்துவிட்டது.

நமக்கு முழுத்தடை வேண்டாம் என்று கருதுகிறேன். மலையில் தூண்டில் போடுபவர்களில் பலருக்கு அது பொழுதுபோக்கு மட்டுமில்லை, குழம்புக்கும் வழி. பெரியாறு புலிகள் காப்பகத்தில் மன்னான், பளியர் மக்களும், பரம்பிக்குளத்தில் காடர், மலசர் மக்களும் தலைமுறைகளாக மீன்பிடிப்பவர்கள். மீன் உள்ளிட்ட நீர்நிலைப் பொருள்கள்மீதான சமூக உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. உரிமம், கட்டணம், அபராதம் என்று தொடங்கும் எந்த விதியும் முதலில் இவர்கள் கையைத்தான் பிடிக்கும். பிடித்த நீரிலேயே பயன்படுத்து என்ற விதி இவர்களைத் தொடவே தொடாது. குடிக்கு அருகில் பிடித்து அங்கேயே கோப்பவருக்கு அதில் இழப்பு எதுவும் இல்லை. இழப்பு மோட்டார் சைக்கிளில் பிளாஸ்டிக் டப்பாவோடு மேடு தாண்டுபவருக்கு. அவருக்கு மாற்று உண்டு: மண்புழு, மாவு, செயற்கை இரை. காவிரியின் பெரிய மஷீர்களைக் கேழ்வரகு உருண்டையில் பிடித்த மரபு நமக்கு இருக்கிறது.

விற்பனைக்கும் இதே அளவுகோல் போதும். மிஸ் கேரளா என்று உலகத் தொட்டிகளில் நீந்தும் செங்கோட்டுப் பரலின் அனுபவம் இங்கே பாடம். 2005 முதல் 2012 வரை இப்பரலும் அதன் சாலக்குடி உறவும் சேர்ந்து 3 லட்சத்துக்கு மேல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின என்று ராஜீவ் ராகவன் குழுவினர் கணக்கிட்டனர். கேரள அரசு 2008இல் பிடிப்புக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. ஆனால் அறிவித்த தடைக்காலம் மீனின் உண்மையான இனப்பெருக்கக் காலத்தோடு பொருந்தவில்லை என்பதை ஆய்வாளர்கள் பின்னர் காட்டினர். காலமும் அளவும் வைத்து விதி எழுத உயிரியல் தரவு வேண்டும், அது சிறுமீன்களுக்குக் குறைவு. இடத்தை வைத்து எழுதும் விதிக்கு நீர்பிரி மேட்டின் வரைபடம் போதும். அது ஏற்கெனவே இருக்கிறது.

கடினமான எதிர்வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. 1895 முதல் முல்லைப் பெரியாற்றின் நீர் மலையைக் குடைந்து வைகைப் பக்கம் போகிறது. 1970 ஒப்பந்தத்தின்படி பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் சாலக்குடிப் படுகையின் நீரைக் கிழக்கே திருப்புகிறது. கங்கைப் படுகையின் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை மீன்வளத் துறையே அணைகளில் விடுகிறது. அரசே கலக்கும்போது ஒரு டப்பா அயிரையைத் தடுப்பதில் என்ன நீதி? சுரங்கப் பாதைகள் குறிப்பிட்ட சில இடங்களில், ஒரே திசையில் நீரைக் கொண்டுபோகின்றன. வண்டி எந்த ஓடைக்கும் போகும், இரு திசையிலும் போகும், அணையின் மீன் ஏற முடியாத அருவிக்கு மேலேயும் போகும். ஆகவே வாளிக்கு விதி வேண்டும் என்பது நிலைக்கிறது. ஆனால் எதிர்வாதத்தின் நீதிக் கேள்விக்கு இது பதிலாகாது. துறையின் லாரி தாண்டும் மேட்டைக் குடியானவரின் வாளி தாண்டக் கூடாது என்று சொல்லும் விதியை மலையில் எவரும் மதிக்க மாட்டார்கள், மதிக்கவும் கூடாது. படுகைக்கு வெளியே பொரித்த குஞ்சுகளைப் பாம்பாற்றிலும் மேல்பவானியிலும் விடுவதை அதே விதி நிறுத்த வேண்டும்.

இதற்கு வாளையாறு, சின்னார் சோதனைச் சாவடிகள் உதவா. அவை மாநில எல்லையைக் காக்கின்றன. நீர்பிரி மேடோ மாவட்டத்துக்குள்ளேயே, மூணாறு-மறையூர் சாலையிலும் மண்ணார்க்காடு-அட்டப்பாடி மலைப்பாதையிலும் கிடக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. மறையூர், காந்தளூர், அகளி, புதூர், சோலையூர் ஊராட்சிகளின் குழுக்கள் தத்தம் ஓடைகளின் மீன்களைப் பதிவேட்டில் எழுதி, வெளிநீர் மீனை உயிரோடு கொண்டுவருவதில்லை என்று தீர்மானித்தால், மாநில அரசு 2010 சட்டத்தின் கீழ் அதை விதியாக அறிவிப்பது எளிது. பாம்பாற்றுக் கரையிலிருக்கும் மறையூரும் காந்தளூரும் முதலில் செய்தால் நல்லது. திமில் மஷீருக்குக் கேரளத்தில் பெயர் பிறந்த ஆறு அது, அதன் குஞ்சுகள் இன்னும் எதிர்நீச்சல் போடும் ஓடைகள் அந்த இரு ஊராட்சிகளின் கையில் இருக்கின்றன.