திருகோணமலைக் கடலில் சுழியோடுதல்

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைத் துறைமுகத்தையும் நிலாவெளியையும் ஒட்டிய கடலடிப் பாறைகளிடையே காற்றுச் சிலிண்டருடன் இறங்கிப் பார்க்கும் வழக்கம். இங்குள்ள பாறைகள் இருவகை: கோணேசர் மலையடியில் கிடக்கும் பெரும் பாறைகள் ஒன்று, தமிழகத்தார் பவளப்பாறை என்றும் ஈழத்தார் முருகைக்கல் என்றும் சொல்லும் உயிர்ப்பாறைகள் மற்றொன்று. மூச்சடக்கிக் கடலடிக்குச் செல்வது இத்தீவின் மீனவர்க்குப் பழைய தொழில். சிலிண்டர் பின்னால் வந்தது. பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் 1943இல் உருவாக்கிய மூச்சுக் கருவியே அதன் மூலம். சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் என்று பலர் நினைக்கின்றனர். அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றே அது.

இக்கடலின் சுழியோடல் வரலாறு முருகைக்கல்லில் தொடங்கவில்லை, கோயிற் கல்லில் தொடங்கியது. ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறினார். விண்வெளியின் எடையின்மையைப் பூமியில் உணர வழி சுழியோடுதலே என்பது அவரைக் கடலுக்கு ஈர்த்தது. அவரும் தோழர் மைக் வில்சனும் அவ்வாண்டே கோணேசர் மலையடியில் இறங்கி, செதுக்கிய தூண்களையும் கட்டடக் கற்களையும் கண்டனர். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்கள் அவை. எஞ்சியவற்றைக் கொண்டு அவர்கள் கோட்டை எழுப்பினர். கடலடியில் கடற்பஞ்சும் சிப்பியும் மூடிய பின் கல்லும் பாறையும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இயற்கைப் பாறைக்கு நேர்விளிம்பு அரிது. கையுளி பட்ட அந்த நேர்கோட்டை வைத்தே சுழியோடி கோயிற் கல்லை இனங்காண்கிறார்.

கிளார்க் இந்த அனுபவங்களை 1957இல் நூலாக்கினார். நகரில் கிணறு தோண்டியபோது 1950இல் அக்கோயிலின் செப்புத் திருமேனிகள் கிடைத்திருந்தன. கடலடிக் கற்களும் சேர்ந்தபின் பழங்கோயிலின் பெருமை ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது. புதுக்கிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. அங்கு வழிபடப்படும் சுயம்புலிங்கம் வில்சன் கடலிலிருந்து மீட்டது என்பது மரபு. 1962இல் அவர் இயக்கிய ‘ரன்முத்து தூவ’ முதல் வண்ணச் சிங்களப் படம். கடலடிக் காட்சிகளுக்குப் புகழ்பெற்றது. பிற்காலத்தில் அவர் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி ஆனார். கடலடியில் கோயிலைத் தேடியவருக்குப் பொருத்தமான முடிவு அது.

சுழியோடும் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. அப்போது வீசும் கச்சான் காற்று நிலத்தைக் கடந்து வருவதால் கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். வாடைக் காற்றில் கடல் கலங்கிவிடும். மகாவலி கங்கை சேற்றுடன் விழும் கொட்டியாரக் குடாவில் முருகைக்கல் செழிப்பதில்லை. தெளிந்த நீர் வேண்டுவோர் வடக்கே நிலாவெளிக்குச் செல்ல வேண்டும்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது புறாமலை. மாடப்புறாக்களால் பெற்ற பெயர். ஆங்கிலேயர் காலத்தில் சுடும் பயிற்சிக்குப் பயன்பட்ட இத்தீவு, 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. ஏறத்தாழ 100 வகை முருகையும் 300 வகை மீனும் இங்குப் பதிவாகியுள்ளன. மான்கொம்பு முருகைத் திட்டுகளுக்கு மேல், ஆழமற்ற நீரில், செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் வட்டமிடும். ஆளைக் கண்டால் அவை விலகிப் போகும். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் முருகைகள் பெருமளவில் வெளிறி மடிந்தபோது, புறாமலை பெரும்பாலும் தப்பியது.

இக்கடலில் மூழ்கிய கப்பல்களுள் ‘சகேயிங்’ குறிப்பிடத்தக்கது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானத் தாக்குதலில் துறைமுகத்தில் எரிந்து, பின்னர் மூழ்கிய அதனை, கடற்படைச் சுழியோடிகள் 2018இல் மேலே கொணர்ந்தனர்.

உள்நாட்டுப் போர் முடிந்தபின் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் பயிற்சி நிலையங்கள் பெருகியுள்ளன. புறாமலையில் முருகை மேல் பயணிகள் ஏறி நிற்பதும், சுற்றுக்கடலில் வெடிவைத்து மீன் பிடிப்பதும் கேடு விளைக்கின்றன. மிதிபட்டு ஒடியும் மான்கொம்பு முருகை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.