புற்றுநோய்ச் செல்லின் பிழைப்பு

கீமோதெரபி மருந்து பட்ட உடனே புற்றுநோய்ச் செல் செத்துவிடுவதில்லை. பழுதான மைட்டோகாண்டிரியாவையும் உருக்குலைந்த புரதங்களையும் இரட்டைச் சவ்வுப் பைக்குள் அடைக்கிறது. பையைச் செல்லின் செரிமான அறையான லைசோசோமோடு சேர்த்துச் செரிக்கிறது. கிடைக்கும் அமினோ அமிலங்களைக் கொண்டு காலம் தள்ளுகிறது. இந்தத் தன்னுண்ணலுக்கு 1963இல் ஆட்டோஃபேஜி என்று பெயர் வைத்தவர் கிறிஸ்டியன் டி டுவ். ஈஸ்ட்டில் இதன் மரபணுக்களைக் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்தால் சாகும் செல்களில் இந்தப் பைகள் நிறைந்திருந்ததால், தன்னுண்ணலே செல்லைக் கொல்கிறது என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். தீப்பிடித்த வீட்டில் குடத்தோடு நின்றவனையே தீவைத்தவன் என்று பிடித்த கதைதான். 2007இல் ரவி அமராவதி குழுவினர் லிம்ஃபோமா புற்று வந்த எலிகளுக்குச் சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்துடன் மலேரியா மருந்தான குளோரோகுயினையும் கொடுத்துத் தன்னுண்ணலை மறித்தபோது, செல்கள் கூடுதலாக மடிந்தன. கட்டி மீண்டும் தலைகாட்டுவதும் தள்ளிப்போனது.

அதற்காகத் தன்னுண்ணலை எதிரியாகவே எண்ணிவிட முடியாது. அதற்கு வேண்டிய பெக்லின்-1 மரபணு புற்றுக்கட்டியை அடக்குகிறது என்று பெத் லெவைன் 1999இலேயே காட்டியிருந்தார். சில மருந்துகளால் சாகும் செல், நோயெதிர்ப்பு அணுக்களை அழைக்க ஏடிபி மூலக்கூறை வெளிவிடுவதற்கும் தன்னுண்ணல் தேவை என்பது 2011இல் தெரிந்தது.

ஆய்வுக்கூடத்திலும் ஒரு பொறி உண்டு. பை உருவானதற்கு அடையாளமாக எல்சி3-II என்ற புரதப் பட்டையைப் பார்ப்பார்கள். பட்டை தடித்தால் தன்னுண்ணல் கூடியிருக்கலாம். கடைசிக்கட்டச் செரிமானம் அடைபட்டுப் பைகள் தேங்கியும் இருக்கலாம். அந்தச் செரிமானத்தை நிறுத்தும் பாஃபிலோமைசின் மருந்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் புரியும். அந்த ஒப்பீடு இல்லாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

நோயாளிகளிடம் கிடைத்த விடையோ கலவையானது. பரவிய கணையப் புற்றுநோய் கொண்ட 112 பேரிடம் நடந்து 2019இல் வெளியான சோதனையில், கீமோவோடு ஹைட்ராக்சிகுளோரோகுயினும் பெற்றவர்களில் 38 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. கீமோ மட்டும் பெற்றவர்களில் 21 சதவீதத்தினருக்கே. ஆனால் ஓராண்டு கடந்து உயிரோடிருந்தோர் முறையே 41, 49 சதவீதம். கட்டி சுருங்கியும் ஆயுள் நீளவில்லை. குளோரோகுயின் வகை மருந்துகள் லைசோசோமின் வேலை முழுவதையும் குலைப்பவை. தன்னுண்ணலை மட்டும் தடுப்பவை அல்ல. அதனால் தோல்வியை எதன் கணக்கில் எழுதுவது என்பதும் சிக்கல்தான்.

நோபல் பரிசுக்குப் பிறகு, பட்டினி கிடந்தால் தன்னுண்ணல் கூடிப் புற்றுநோய் கரையும் என்ற பேச்சு பரவியது. கீமோ எடுப்பவர்கள் அதை நம்பிச் சாப்பாட்டைக் குறைக்கவோ, தாமாக மலேரியா மாத்திரை வாங்கி விழுங்கவோ வேண்டாம். எதுவானாலும் முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.