முத்தைத் தேடியபோது அகப்பட்ட எலும்புக்கூடு

நீலகிரியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, மன்னார் வளைகுடாவில் போய் நின்ற கதை இது. காரணம் எட்கர் தர்ஸ்டன், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தொதவர், கோத்தர் பற்றி அவர் எழுதிய அருங்காட்சியக வெளியீடு 1896இல் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் அதே வரிசையில் அவர் எழுதியது ராமேஸ்வரம் தீவையும் மன்னார் வளைகுடா உயிரினங்களையும் பற்றி. கடற்கரையில் உயிரினங்களைச் சேகரித்த அதே மனிதர்தான் ஊட்டிக்கு வந்து தொதவர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

போகட்டும். அந்த வளைகுடா நூல்களைத் தொடர்ந்து போனபோதுதான் எலும்புக்கூட்டு இறால் கண்ணில் பட்டது.

பெயரில்தான் இறால். உண்மையில் கடற்கரை மணலில் துள்ளும் மணல்பூச்சிகளுக்குத்தான் இது நெருங்கிய சொந்தம். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர்தான். மார்புப் பகுதி நீண்டு குச்சியாகிவிட்டது. வயிற்றுப் பகுதி சுருங்கிப் பின்னால் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். முன்னால் கும்பிடுபூச்சி மாதிரி மடக்குக் கத்திக் கைகள். கடைசி மூன்று ஜோடிக் கால்களில் கொக்கி. பல இனங்களில் நடுவில் இரண்டு கணுக்களுக்குக் காலே கிடையாது, செவுள் மட்டும் தொங்கும். பெண்ணுக்கு முட்டைப் பையும் அதே இடத்தில்தான். குஞ்சு வெளியே வரும்போதே பெரியதின் சின்ன நகலாக வருகிறது. தண்ணீரில் மிதந்து திரியும் பருவம் இதற்கு இல்லை. ஆகவே பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தே ஆகவேண்டும்: கடற்பாசி, கடற்பஞ்சு, செடி போல் கிளைவிடும் ஹைட்ராய்டுகள், ஊறிய கயிறு.

சிப்பி ஓட்டின் மேல் முளைப்பதும் இதே கூட்டம்தானே. அதனால்தான் முத்துக் கதைக்குள் இது வந்து சேர்ந்தது. இலங்கைப் பக்கம் 1891க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்கவில்லை. வருமானம் போன கவலையில் அரசு லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மேனை அழைத்தது. 1902இல் அவர் உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெலோடு வந்து, சிப்பிப் பார்களை வாரி, கிடைத்ததையெல்லாம் அந்தந்த நிபுணர்களுக்கு அனுப்பினார். அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகள்! முத்து பற்றியது அதில் ஒரு பங்குதான்.

எலும்புக்கூட்டு இறால்கள் போனது பால் மேயரிடம். நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையத்தில் இருந்த ஜெர்மானியர். அந்த வளைகுடாவின் எலும்புக்கூட்டு இறால்களைப் பற்றி 1882லேயே தனி நூல் எழுதியவர். (ஆஸ்பத்திரி லேப்களில் திசுவுக்குச் சாயம் ஏற்றும் மேயர் ஹிமடாக்ஸிலின் இவர் பெயரில்தான் இருக்கிறது.) மன்னார் மாதிரிகளைப் பற்றிய அவர் குறிப்பு 1904இல் வந்தது. சில பக்கங்கள்தான். செத்து, புட்டியில் ஊறிய உடல்களிலிருந்து கணுக்களையும் முட்களையும் எண்ணிச் சொல்லலாம். உயிரோடு எதைப் பிடித்துக்கொண்டு எப்படி ஆடியது என்பதைப் புட்டி சொல்லாது.

இந்தியக் கரையில் இதற்கான முறை 1927இல் வந்தது. பாம்பன் அருகே உள்ள குருசடைத் தீவின் கடலோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் ஒரு தொகுப்பு வெளியிட்டது. அப்போது கண்காணிப்பாளர் கிரேவ்லி. அதில் எலும்புக்கூட்டு இறால் பகுதியை எழுதியவர் பி. சுந்தர ராஜ். ஹார்னெல் பிற்பாடு தலைமை வகித்த சென்னை மாகாண மீன்துறைக்கே இயக்குநராகவும் இருந்தவர். நான்கைந்து பக்கம்கூட வராது. ஆனால் இந்தத் தடவை முத்து வருமானம் யாருக்கும் குறியாக இல்லை. அந்தத் தீவில் என்னென்ன வாழ்கிறது என்பதுதான் கேள்வி.

குருசடை இப்போது மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, அங்கே எதையும் எடுக்கக் கூடாது. வேறு இடத்தில் கடலில் ஊறிய பழைய கயிறு கிடைத்தால், வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கடல்நீர் ஊற்றி உள்ளே உதறிவிட்டுக் காத்திருந்து பாருங்கள். குப்பை என்று நினைத்த குச்சி ஒன்று எழுந்து நின்று தலையாட்டலாம்.